டேப்புக்கு அடியில் இருந்த எண்

எல்வுட் பிரைஸ் ஒரு புது ஆளைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், பூட்ஸைப் பார்ப்பார். பூட்ஸ் புதுசாக இருந்தால் ஆள் வாஷிங்டன் அரசாங்கம் அனுப்பியவன் என்று முடிவு கட்டிவிடுவார்.

"அவனுங்களுக்கு இந்த ஊர்க்காரன் மாதிரி வேஷம் போடணும்னு உத்தரவு. தொப்பியை வாங்கிடுவான், சட்டையை வாங்கிடுவான், பூட்ஸையும் வாங்கிடுவான். சேறு எந்தக் கடையில வாங்குவான்?" என்று கேட்பார்.

இந்தக் கணக்கை வைத்து முப்பது வருஷத்தில் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், அவர் கண்டுபிடித்த அரசாங்க உளவாளிகள் நாலு பேர். அதில் ஒருவர் பல் டாக்டர், இரண்டு பேர் மெதடிஸ்ட் பாதிரியார்கள், இன்னொருவன் தீவனக் கடைக்காரரின் மாப்பிள்ளை. பல் டாக்டர் வந்து பதினைந்து வருஷமாகப் பாதி ஊருக்குப் பல் பிடுங்கிய பிறகும் எல்வுட் விடவில்லை. "நல்லா நடிக்கறான்" என்று மட்டும் சொன்னார்.

அவர் வேலையும் அப்படி அமைந்துவிட்டது. கிராமத்துத் தபால்காரர். ஓஹையோ மாநிலத்தின் தென்கிழக்கு மலைமடிப்புகளில் அறுபத்திரண்டு மைல் சுற்றி, நானூறு பெட்டிகளில் தபால் போட வேண்டும். யாருக்கு வக்கீலிடமிருந்து கவர் வருகிறது, யாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது, யாருடைய பெண்டாட்டிக்கு வெளியூர்க் கையெழுத்தில் கடிதம் வருகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருவரிடமும் மூச்சு விட மாட்டார். ஆனால் நாள் முழுக்க அடுத்தவன் கவரைப் பார்க்கிற மனுஷனுக்கு, தன்னுடைய கவரையும் எவனோ பார்க்கிறான் என்று தோன்றாமல் இருக்குமா?

தோன்றும்படியான பொருள் வேறு வீட்டில் இருந்தது. பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள், மொத்தம் பதினொன்று. முதல் உலகப்போரிலிருந்தும் இரண்டாவதிலிருந்தும் திரும்பி வந்த பையன்கள் மூட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் போடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு கனிவு வரும். அவருடைய மனைவி லூயெல்லாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் எல்வுட், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாளாவது கையுறை போட்டுத் தொட்டிருக்கியா?"

"உனக்குத் துரு பிடிக்காது."

"யார் சொன்னா?"

பதினொன்றில் உசத்தி ஜெர்மன் மவுசர். விளக்குமாற்றுக் கட்டை மாதிரி உருண்டைப் பிடி, நீளக் குழல். அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டியது அதனுடைய மரக்கூடு. பார்க்க வால்நட் மரத்தில் செய்த பெட்டி. துப்பாக்கியை உள்ளே போட்டு மூடி இடுப்பில் தொங்கவிடலாம். தேவைப்பட்டால் அதே பெட்டியின் முனையில் இருக்கிற இரும்பைத் துப்பாக்கிப் பிடியின் பின்னால் சொருகினால் போதும், பெட்டி தோளில் பதிகிற கட்டையாகிவிடும். தோள்கட்டை என்றுதான் எங்கள் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். எல்வுட்டின் கட்டையில் இருந்த இரும்பில் 4402 என்று பொறித்திருந்தது. துப்பாக்கியிலும் அதே 4402. பிறந்ததிலிருந்து பிரியாத ஜோடி. அப்படி ஒன்று கிடைக்கச் சேகரிப்பாளர்கள் காலில் விழக்கூடத் தயார்.

அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்ததும் அதே கட்டைதான். சட்டம் அப்படி. கைத்துப்பாக்கி கைத்துப்பாக்கியாக இருக்கிறவரை யாரும் கேட்பதில்லை. அதற்கு ஒரு தோள்கட்டையை மாட்டினால், மாட்டத் தயாராகக் கூட வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது குட்டை ரைஃபிள். குட்டை ரைஃபிளுக்கு வாஷிங்டனில் முன்கூட்டியே பதிவுக் காகிதம் வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சிறை. சிறையிலிருந்து வந்த பிறகும் ஆயுசுக்கும் ஒரு துப்பாக்கியைத் தொட முடியாது. இப்படிப்பட்ட பழைய மவுசருக்கு மட்டும், அந்தக் காலத்தில் ஜெர்மானியர்களே செய்த அசல் கட்டையாக இருந்தால், அருங்காட்சியகப் பொருள் என்று விலக்கு உண்டு. அதே அச்சில் பிற்பாடு எவனாவது செதுக்கிய கட்டையாக இருந்தால் விலக்கு கிடையாது.

"ரெண்டும் ஒரே வடிவம், ஒரே அளவு. ஒண்ணை வெச்சிருந்தா ரசிகன், இன்னொண்ணை வெச்சிருந்தா கைதி. மரத்தோட வயசுல இருக்கு என் விதி" என்பார் எல்வுட்.

தன்னுடையது அசல் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. எண் பொருந்துகிறதே. உலகத்தில் அவர் சந்தேகப்படாத பொருள் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆனாலும் அதிகாரி எவனாவது வேண்டுமென்றே போலி என்று சொல்லிவிட்டால்? அதற்காக அவராகவே சில விதிகளை வகுத்து வைத்திருந்தார். துப்பாக்கியும் கட்டையும் ஒரே கூரைக்கடியில் இருக்கக் கூடாது. கட்டையைப் பற்றி டெலிபோனில் பேசக் கூடாது, சந்தைக் கூடத்தில் வாயே திறக்கக் கூடாது. துப்பாக்கியின் எண்ணை யாருக்கும் காட்டக் கூடாது. சந்தையில் வைக்கும்போது எண்ணின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட வேண்டும். நண்பனாக இருந்தாலும் அவனுடைய எண்ணை நீ கேட்காதே, உன்னுடையதை அவன் கேட்க வேண்டாம். தெரியாத எண்ணை எந்த நீதிபதி கேட்டாலும் சொல்ல முடியாது அல்லவா?

சட்டத்தில் இதில் ஒரு வரி கூட இல்லை. எல்லாம் அவர் மூளையில் உதித்தது. ஆனாலும் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் பாதிப் பேர் டேப் ஒட்ட ஆரம்பித்தார்கள். பயம் தொற்று நோய்.

எல்வுட்டின் விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தவர் ஆரின் டிஸ்டேல். உயர்நிலைப் பள்ளியில் மரவேலை வாத்தியார். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு உட்பட்ட எவன் வீட்டிலும் ஆரின் சார் சொல்லிக்கொடுத்துச் செய்த ஒரு கோணல் ஸ்டூல் இருக்கும். அவரிடமும் ஒரு மவுசர் இருந்தது, அதற்கும் ஒரு கட்டை இருந்தது. அதன் எண் என்ன என்று எல்வுட் ஒருநாளும் கேட்டதில்லை. ஆரினும் அதை டேப் இல்லாமல் வெளியே எடுத்ததில்லை.

1971ல் எல்வுட் தன் கட்டையை ஃபிளானல் துணியில் சுற்றி ஆரினிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு கூரை விதி.

"பிரிக்காதே. எண்ணெய் போடாதே. எங்க வெச்சேன்னு எங்கிட்ட கூடச் சொல்லாதே."

"உங்கிட்ட கூடவா?"

"என்னைப் பிடிச்சு விசாரிச்சா நான் என்ன பண்றது?"

ஆரின் சிரித்தார். ஆனால் சொன்னபடியே செய்தார். ஏழு வருஷம் அந்தத் துணி முடிச்சு அவிழவில்லை.

1978 வசந்தத்தில் சங்கத்தின் வருடாந்திரத் துப்பாக்கிச் சந்தை. கவுண்டிப் பொருட்காட்சி மைதானத்துப் பெரிய கூடத்தில் நடக்கும். சிறந்த காட்சி மேஜைக்கு ஒரு கேடயம் உண்டு. எல்வுட்டுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவையாவது மவுசரையும் கட்டையையும் ஜோடியாக மேஜையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை அவருடைய எல்லா விதியையும் தோற்கடித்தது. சனிக்கிழமை காலை கூடத்துக்கே கட்டையைக் கொண்டுவரச் சொல்லி ஆரினிடம் சொல்லி வைத்தார்.

அன்று காலை கூடத்தில் காபி வாசனையும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது. சர்ச் பெண்கள் ஒரு மூலையில் ஹாம் சாண்ட்விச்சும் ஆப்பிள் பை பலகாரமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். எல்வுட் பச்சை வெல்வெட் துணி விரித்து மவுசரை வைத்திருந்தார், பக்கத்தில் கட்டைக்கு இடம் விட்டிருந்தார். ஆரின் ஃபிளானல் மூட்டையோடு வந்தார். முகம் சரியில்லை.

"எல்வுட், இதைப் பிரிக்காதே. மொதல்ல என் வண்டிக்கு வா, ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன விஷயம்?"

"இங்க சொல்ற விஷயம் இல்ல."

"கட்டையைப் பத்தியா?"

"ஆமா."

"ஷ்ஷ்! வாயை மூடு. மூணாவது மேஜை, நீலச் சட்டை. பூட்ஸைப் பாரு. பளபளன்னு இருக்கு."

"அதனாலதான்யா வெளிய வான்னு சொல்றேன்."

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய போனா பின்னாலேயே வருவான். நீ போய் ரெண்டு காபி வாங்கிட்டு வா. சாதாரணமா நட. இங்க ஒரு வார்த்தை பேசாதே."

எல்வுட்டின் கண் நீலச் சட்டையை விட்டு நகரவில்லை. வேறு வழி தெரியாமல் ஆரின் காபி வரிசையில் போய் நின்றார். நடுவர்கள் இரண்டு மேஜை தள்ளி வந்துவிட்டார்கள். எல்வுட்டுக்குப் பொறுக்கவில்லை. முடிச்சை அவிழ்த்தார்.

கட்டை கட்டைதான். ஆனால் இரும்பில் 7714 என்று இருந்தது.

அவர் கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் 7714. மரத்தின் நிறமும் வேறு, வெளுத்துப் போய், ஓரமெல்லாம் தேய்ந்து, ஒரு பக்கம் கீறலோடு இருந்தது. எண் பொருந்திய அவருடைய கட்டை போய்விட்டது. பதிலுக்கு எவனுடையதோ ஓர் அனாதைக் கட்டை வந்திருக்கிறது. ஏழு வருஷம் அது இருந்தது ஒரே ஒரு மனுஷனின் வீட்டில், அவனோ கவுண்டியிலேயே கைதேர்ந்த மரவேலைக்காரன்.

அவருடைய விதிகளெல்லாம் அந்த நிமிஷத்தில் காற்றில் பறந்தன.

"இது என்னோடது இல்ல! மாத்திட்டான்! என் கட்டையை மாத்திட்டான்! ஆரின் டிஸ்டேல், நீ திருடன்டா!"

கூடம் முழுக்கத் திரும்பியது. சாண்ட்விச் மடித்துக்கொண்டிருந்த பெண்களின் கை அப்படியே நின்றது. ஆரின் இரண்டு காகிதக் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு நடு வழியில் நின்றார். எல்வுட்டைப் பார்த்தார். பிறகு நீலச் சட்டைக்காரனின் பூட்ஸைப் பார்த்தார். மெல்ல வந்து இரண்டு கோப்பைகளையும் மேஜையில் வைத்தார்.

"கையில இருக்கறதை வெச்சுக்கோ எல்வுட். அது நல்ல கட்டை."

அவ்வளவுதான் சொன்னார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு சந்தையிலும் மேஜை போடவில்லை.

திருடன் என்ற சொல் சின்ன ஊரில் சும்மா இருக்காது. ஆரின் சார் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பாதிப் பேர், எல்வுட் கூச்சல் போட்டபோது அவர் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டார்கள். மறுக்காததுதான் எல்வுட்டுக்கும் அத்தாட்சி. நிரபராதி என்றால் குதிக்க மாட்டானா? அடுத்த வருஷம் ஆரின் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது விருந்துக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் எல்வுட்டின் மேல் கோபம் வருகிறது.

ஆரினின் வீடு எல்வுட்டின் தபால் வழியில்தான் இருந்தது. நூற்று இருபதாவது பெட்டி. தினமும் வண்டியை நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பாமல், தபாலைப் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் ஆரின் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். எல்வுட் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அன்றைய தபாலை மறுநாள் போட்டார். முப்பது வருஷ வேலையில் ஒரு நாள் தாமதமான தபால் அது ஒன்றுதான்.

ஆரின் மூன்று கடிதம் போட்டார். மூன்றையும் பிரிக்கவில்லை எல்வுட். வலை விரிக்கிறான், என் கையெழுத்தில் கட்டையைப் பற்றி ஒரு வரி பதில் வாங்கி அதை வாஷிங்டனுக்கு அனுப்பப் பார்க்கிறான் என்று லூயெல்லாவிடம் சொன்னார். கவர் மேல் "ஏற்க மறுப்பு" என்று தன் கையாலேயே எழுதி, மறுநாள் தானே கொண்டுபோய் நூற்று இருபதாவது பெட்டியில் போட்டார்.

"ஒரு தடவை பிரிச்சுத்தான் பாரேன்" என்றாள் லூயெல்லா.

"பிரிச்சா ஏத்துக்கிட்டதா ஆகிடும்."

"எதை?"

அவர் தபால் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

7714ஐ அவர் தூக்கிப் போடவில்லை, அது சாட்சி அல்லவா? வீட்டிலிருந்து தள்ளியிருந்த கொட்டகையில், காலியான ஊறுகாய் ஜாடிக்குள், அதே ஃபிளானலில் சுற்றி வைத்தார். மாதத்துக்கு ஒருமுறை போய் எடுத்து அந்த எண்ணை முறைத்துப் பார்த்துவிட்டு வருவார். ஒன்பது வருஷம் முறைத்தார். அந்த நாலு இலக்கம் அவருக்குத் தன் பிறந்த தேதியைவிட நன்றாக மனப்பாடம்.

1987 ஆகஸ்டில் ஆரின் இறந்தார். எல்வுட் அடக்கத்துக்குப் போகவில்லை. அக்டோபரில், ஆரினின் துப்பாக்கிகளை அதே பொருட்காட்சிக் கூடத்தில் ஏலம் விடப்போவதாக அவருடைய மனைவி வெர்னா அறிவித்தாள். எல்வுட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாலும் இன்றைக்கு மேஜைக்கு வந்துதானே ஆக வேண்டும்! 4402 கட்டை வெளியே வரும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம், ஆள் செத்திருந்தாலும். ஊறுகாய் ஜாடியிலிருந்து சாட்சியை எடுத்துக் கான்வாஸ் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். லூயெல்லா கூடவே வந்தாள். தனியாக விட அவளுக்குப் பயம்.

ஏலக்காரர் ஹாலிஸ் மேடைக்குக் கீழே ஒரு மேஜையில் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, எண்ணைப் படித்து, உதவிக்கு வந்த பெண்ணிடம் சீட்டு எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்வுட் கூட்டத்தின் விளிம்பில் நின்று மேஜையைத் துருவினார். தோள்கட்டை ஒன்று கூட இல்லை. அவருக்கு மூக்கு வியர்த்தது. விற்றுவிட்டானா? யாருக்கு? சுற்றும் முற்றும் பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் ஒருத்தன் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு நின்றான். புது பூட்ஸ்.

ஹாலிஸ் ஆரினின் மவுசரை எடுத்தார். எண்ணின் மேல் கறுப்பு டேப்.

"இவருமா டேப் ஒட்டினாரு? இந்த ஊர்ல எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே நகத்தால் சுரண்டினார். டேப் காய்ந்து உதிர்ந்தது. ஹாலிஸ் உரக்கப் படித்தார்.

"மவுசர் கைத்துப்பாக்கி. எண் ஏழு, ஏழு, ஒண்ணு, நாலு. கட்டை இல்லை. எழுதிட்டியாம்மா?"

எல்வுட் ஓரமாக ஒதுங்கினார். பையைத் திறந்தார். ஃபிளானலை விலக்கிப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தார். ஏழு, ஏழு, ஒன்று, நாலு.

வெர்னா சாண்ட்விச் மேஜையருகே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்வுட் அவள் எதிரில் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா? செத்தவன்கிட்டயும் சோதனை போட வந்திருப்பேன்னு தெரியும்."

"வெர்னா, இந்தக் கட்டை..."

"அவரோடது. அவரோட துப்பாக்கிக்குப் பிறந்தது. உனக்குக் குடுத்தாரு."

"அப்ப என்னோடது?"

வெர்னா சுற்றிலும் பார்க்கவில்லை, குரலைத் தணிக்கவும் இல்லை. அவள் எல்வுட்டின் விதிகளை ஒருநாளும் மதித்தவள் அல்ல.

"உன்னோடது போலி. சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம், தூசி தட்டி அழகா குடுக்கலாம்னு துணியைப் பிரிச்சாரு. பார்த்த உடனே அவர் முகம் மாறிடுச்சு. இரும்பைக் கழட்டிப் பார்த்தாரு. பழைய மரம்னா இரும்புக்கு அடியில வெளிச்சமே படாத எடம் வெளுப்பா இருக்கணுமாம். உன்னோடது உள்ள, வெளிய, இரும்புக்கு அடியில, எல்லா எடத்துலயும் ஒரே பழுப்பு. யாரோ சாயத்துல முக்கி எடுத்து, உன் துப்பாக்கி எண்ணை அடிச்சு வித்திருக்கான். நீயும் வாங்கிட்டு வந்து இருபது வருஷம் கும்பிட்டிருக்கே."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே..."

"சொல்ல விட்டியா நீ?" வெர்னா எழுந்து நின்றாள். "டெலிபோன்ல பேசக் கூடாதுன்னே. காலைல வண்டிக்கு வான்னு கெஞ்சினாரு, காபி வாங்கிட்டு வான்னு அனுப்பினே. ராத்திரியே சொல்லிடுங்கன்னு நானும் சொன்னேன். 'அவன் நம்ப மாட்டான் வெர்னா, வீம்புக்காகவே அதைக் கொண்டுபோய் மேஜைல வைப்பான், எவனாவது அதிகாரி பார்த்தா ஜெயிலுக்குப் போயிடுவான்'னு சொல்லி, அடுப்புல வெச்சு எரிச்சாரு. இரும்பு மட்டும் மிஞ்சுற வரைக்கும் உக்காந்து பார்த்தாரு. அப்புறம் போய்த் தன்னோட கட்டையை எடுத்து உன் துணில சுத்தினாரு."

"திருடன்னு கத்தினேனே. அப்பவாவது..."

"எப்படிச் சொல்வாரு? உன்னோடது போலின்னு அத்தனை பேர் நடுவுல சொன்னா, இருபது வருஷமா நீ குற்றவாளின்னு சொல்ற மாதிரி இல்லையா? அந்த பூட்ஸ்காரன் நின்னான்ல. நீதானே சொல்லிக் குடுத்தே, கூடத்துல வாயே திறக்காதேன்னு. திறக்கல. சாகற வரைக்கும் திறக்கல."

கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். மேலே "ஏற்க மறுப்பு" என்று எல்வுட்டின் கையெழுத்து. அவர் அவசரத்தில் கவரைக் கோணலாகக் கிழித்தார். உள்ளே ஒரு துண்டுக் காகிதம். வாத்தியார் கையெழுத்து.

"எல்வுட், நீ ஒண்ணும் பேச வேண்டாம், ஒண்ணும் எழுத வேண்டாம். வந்து என் மவுசர் மேல இருக்கற டேப்பைப் பிரிச்சுப் பாரு. அவ்வளவுதான். ஆரின்."

வேறு எவன் படித்தாலும் ஒன்றும் புரியாத கடிதம். எல்வுட்டின் விதிகளுக்குள் அடங்கி, எல்வுட்டைக் காட்டிக்கொடுக்காமல் எழுதியது. ஒன்பது வருஷத்தில் அவர் அந்த ஒரு டேப்பைப் பிரித்திருந்தால் போதும். சட்டத்தின் கண்ணில் அவர் சுத்தமான மனுஷனானதே அந்தக் கட்டை வந்த நாளிலிருந்துதான். அதைத்தான் ஊறுகாய் ஜாடியில் போட்டு முறைத்துக்கொண்டிருந்தார்.

லூயெல்லா அவர் தோளைத் தொட்டாள். "வா, வீட்டுக்குப் போலாம்."

"இரு."

மேடையில் ஹாலிஸ் ஏலத்தை ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது பொருள் மவுசர். அதைத் தூக்கிக் காட்டி, கட்டை இல்லாத துப்பாக்கி என்று சொல்லி முடிப்பதற்குள் எல்வுட் நடு வழியில் போய் நின்றார். ஒன்பது வருஷத்துக்கு முன் ஆரின் இரண்டு கோப்பைகளோடு நின்ற அதே இடம்.

"கட்டை இருக்கு" என்றார்.

கூடம் திரும்பியது. லூயெல்லா ஓடி வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்வுட், வேணாம். அந்தத் தூணுகிட்ட பாரு. பூட்ஸ்" என்று காதோடு சொன்னாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவளுக்கும் அந்த நோய் ஒட்டியிருந்தது.

"பார்த்தேன்."

எந்த வார்த்தைக்காக வாழ்நாள் முழுக்கப் பயந்தாரோ அந்த வார்த்தையைச் சொல்லாமல் இந்தக் கணக்கு தீராது. போலியை வைத்திருந்தேன் என்று சொன்னால்தான் ஆரின் திருடவில்லை என்று ஆகும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அவர் பையிலிருந்து 7714ஐ எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

"இது ஆரின் டிஸ்டேலோட கட்டை. எண்ணைப் பாருங்க, அந்தத் துப்பாக்கியோட எண்தான். எங்கிட்ட இருந்தது போலிக் கட்டை. இருபது வருஷம் வெச்சிருந்தேன். எனக்குத் தெரியாது, ஆனா வெச்சிருந்தேன். நான் மாட்டிக்கக் கூடாதுன்னு அவன் அதை அழிச்சுட்டு, தன்னோடதை எனக்குக் குடுத்தான். அவனை நான் இதே எடத்துல நின்னு திருடன்னு சொன்னேன். நீங்கல்லாம் கேட்டீங்க."

ஹாலிஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். எல்வுட் மேடைக்குப் போய் கட்டையை மவுசருக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் தன் கையில் கையுறை இல்லை என்பதையே கவனித்தார்.

"ரெண்டையும் சேர்த்து விடு ஹாலிஸ். பணம் வெர்னாவுக்கு."

தூணுக்குப் பக்கத்தில் புது பூட்ஸ்காரன் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். ஏல விலையை எழுதினானோ, வேறு எதை எழுதினானோ, அவன் யார் என்பது இன்றுவரை எங்கள் கவுண்டியில் யாருக்கும் தெரியாது. எல்வுட் மேடையிலிருந்து இறங்கி நேராக அவன் எதிரில் போய் நின்றார். இந்தத் தடவை பூட்ஸைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

"எழுதறியா தம்பி? நல்லா எழுதிக்கோ. என் பேரு எல்வுட் பிரைஸ். போலிக் கட்டை வெச்சிருந்தவன். அதுக்கு முன்னால ஒண்ணு எழுதணும். ஆரின் டிஸ்டேல் திருடல. மொதல்ல அதை எழுது."